நான்கு சுற்றுக்கு லைன் கிளியர்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு ஆம்ப்ளிஃபயரின் சாக்கெட்டுக்குப் பற்று வைத்தது. ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. அரியலூர் வீட்டுக் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அது பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். கிட்டார் ஒயரைச் செருகும் இடம் ஆட்டம் கண்டிருந்தது. வெற்றிச்செல்வி சால்டரிங் அயர்னைப் பிடித்தாள். உத்திராபதி டார்ச் பிடித்தார். அவள் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். அவர் மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் கம்பம் ஏறிய லைன்மேன். டார்ச் பிடிப்பவர்தான் மேஸ்திரி என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கியாச்சா என்று மூன்று முறை கேட்டார். பிடுங்கிய பிளக் அவர் மடியிலேயே கிடந்தது.

ஆம்ப்ளிஃபயர் பெரம்பலூர் ராசாங்கத்தின் இசைக்குழுவுக்குச் சொந்தமானது. வாங்கியபோது இருந்ததைவிட நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பது உத்திராபதியின் எண்ணம். பற்று ஆறியதும் கிட்டாரைச் செருகி ஒரு தந்தியைத் தட்டினார். கரகரப்பு இல்லை. பத்து வருடம் தாங்கும் என்று சான்றிதழ் கொடுத்தார். மறுநாள் காலை ஆறேகாலுக்கு மாரடைப்பில் இறந்துபோனார். வயது அறுபது. ஓய்வு பெற்றுப் பதினைந்து நாள்.

அவருக்குக் கிட்டார் பிடித்த கதை திருமழபாடியில் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பங்குனியில், நந்தி கல்யாணத் திருவிழாவுக்கு அவரை மின்சாரப் பணிக்குப் போட்டிருந்தார்கள். கச்சேரி மேடைக்குப் பின்னால் ஒயர்களைப் பார்த்தபடி நின்றார். மதியம் ஒத்திகை. குழுவில் கிட்டார் வாசித்தது கவியா என்ற இருபத்தைந்து வயதுப் பெண். வாரநாளில் பெரம்பலூரில் எல்.கே.ஜி. டீச்சர், விடுமுறை நாளில் ராசாங்கம் குழுவின் கிட்டார். ஒரு பாட்டின் நடுவில் பாடகர் ஓய்ந்ததும் அவள் தனியாக நாற்பது, ஐம்பது விநாடி வாசித்தாள். மாலைக் கச்சேரியில் அதே பாட்டு, அதே இடம். வாசித்தது மட்டும் வேறு.

உத்திராபதிக்கு மனசு கேட்கவில்லை. கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது போய்க் கேட்டார்.

"மத்தியானம் வாசிச்சத மறந்துட்டீங்களாம்மா?"

"மறக்கலீங்க சார். அந்த எடத்துல அப்பப்ப என்ன தோணுதோ அத வாசிக்கறது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு யாருகிட்ட பெர்மிஷன் வாங்குவீங்க?"

கவியா சிரித்த சிரிப்பில் சுருட்டிய ஒயர் மறுபடி அவிழ்ந்தது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. லைன்மேன் வாழ்க்கையே அனுமதிதான். ஒரு லைனில் கை வைக்கும் முன் துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு லைன் கிளியர் வாங்க வேண்டும். எல்.சி. என்பார்கள். அவர்கள் மின்சாரத்தை நிறுத்தி ஒரு எண் தருவார்கள். அதைத் திருப்பிச் சொல்லி, நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். அதன் பிறகும் நம்பக் கூடாது. லைன் செத்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். வேலை முடிந்ததும் எல்.சி. எடுத்தவனே அதைத் திருப்பித் தர வேண்டும். வேறு யார் சொன்னாலும், கடவுளே போன் போட்டாலும், சுவிட்சைப் போடக் கூடாது. இந்த ஒழுங்கில்தான் அவர் பத்து விரலோடு ஓய்வு வயதை நெருங்கியிருந்தார். வீட்டிலும் அதே நோட்டு ஓடியது. பக்கத்து வீட்டு ஏணியை வாங்கினால் "எல்.சி. எடுத்தது: காலை 9.10" என்று எழுதுவார். திருப்பிக் கொடுத்த நேரத்தையும் எழுதினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு, யாரையும் கேட்காமல் அப்பப்ப தோணுவதை ஆயிரம் பேருக்கு முன்னால் வாசிக்க முடியும் என்பது பெரிய செய்தியாக இருந்தது. அடுத்த மாதம் பெரம்பலூரிலிருந்து ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரை ஸ்கூட்டரில் கட்டி எடுத்துவந்தார். மனைவி கொளஞ்சியம்மாள் வாசலிலேயே நிறுத்தி அதைச் சுற்றிப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு வருசமா ஊருக்கெல்லாம் கம்பி இழுத்தது பத்தலையா? வூட்டுக்கும் ஆறு கம்பி கொண்டாந்திருக்கீங்க."

ஞாயிறுதோறும் பெரம்பலூர் போனார். அவர் கவியாவை டீச்சர் என்றார், கவியா அவரை சார் என்றாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல் நன்றாக வாசித்தால் நோட்டில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். அவர் அதை வீட்டுக்கு வந்து காட்டினார். வலி அவருக்குப் பிரச்சினையே இல்லை. அவர் விரல் நுனியில் இருந்த காய்ப்புக்குத் தந்திதான் பயப்பட வேண்டும். விரலின் பருமன்தான் பிரச்சினை. ஒரு தந்தியை அழுத்தினால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து அமுங்கியது. ஆறு மாதத்தில் அதுவும் சரியாயிற்று. ஒரு வருடத்தில் பாட்டுகளை அட்சரம் பிசகாமல் வாசித்தார். தோணுவதை வாசிப்பது மட்டும் வரவில்லை.

பாட்டுக்கு அடியில் கார்டுகள் ஓடும். ஒரு கார்டு என்பது மூன்று, நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது. நாலு தட்டுக்கு ஒருமுறை அது மாறும். கவியா கொடுத்த பயிற்சியில் நான்கு கார்டுகள்: ஏ மைனர், டி மைனர், ஜீ, சீ. மறுபடி ஏ மைனர். இந்த நாலும் சேர்ந்தது ஒரு சுற்று. மேலே தனியாக வாசிப்பவர் அடியில் மாறும் கார்டுக்கு ஏற்றபடி தன் சுரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். உத்திராபதி என்ன செய்தார் என்றால், கார்டு மாறும்வரை காத்திருந்தார். மாறியதும் அது டி மைனர்தானா என்று காதால் உறுதி செய்துகொண்டார். ஒரு சுரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு வாசிக்கத் தொடங்கினார். அதற்குள் ஜீ வந்துவிட்டது.

கவியா பொறுமையாகச் சொன்னாளாம்: பஸ் வந்த பிறகு வீட்டிலிருந்து கிளம்புகிறீர்கள் சார், வரும்போது ஸ்டாப்பில் நிற்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் கை ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் ஒரு வம்பு சேர்ந்தது. மே முப்பத்தொன்று அவர் பணி நிறைவு விழா. ராசாங்கத்தின் குழுதான் கச்சேரி. ராசாங்கம் கீபோர்டில் உட்கார்ந்து குழுவை நடத்துபவர், தாராள மனசு. ஒரு பாட்டில் கவியாவின் இடத்தை அண்ணனுக்குத் தருகிறேன், நான்கு சுற்று, என்று சொல்லிவிட்டார். பழகுவதற்குக் குழுவின் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் மே இரண்டாம் தேதி கொடுத்தனுப்பினார். உத்திராபதி அதை நோட்டில் எழுதினார். பிறகு அரியலூரில் இருந்த அத்தனை லைன்மேன்களிடமும் சொன்னார். அதோடு நிற்காமல் அரும்பாவூர் மின்வாரியப் பிரிவுக்கும் போன் போட்டார். எல்லாரும் கைதட்டக் காத்திருந்தார்கள். சிலர் கேலி செய்யக் காத்திருந்தார்கள்.

நாலு சுற்றுக்கும் ஒன்றை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனால் என்ன என்று வெற்றிச்செல்வி கேட்டாள். யாருக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியுமே," என்றார். "முப்பத்துநாலு வருசத்துல ஒருதடவையாச்சும் பெர்மிஷன் கேக்காம ஒரு காரியம் செஞ்சிட்டு எறங்கணும்மா."

அதன் பிறகு அவள் இதை ஆலை வேலை மாதிரி எடுத்துக்கொண்டாள். நான்கு கார்டுகளையும் போனில் ஓடவிட்டாள். நிமிடத்துக்கு எண்பது தட்டு. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு விநாடி. அவர் காதில் ஒயர் மாட்டி அதைக் கேட்டு வாசிக்க, வாசித்ததைத் தனியாகப் பதிவு செய்தாள். லேப்டாப்பில் அலைகளை விரித்து, ஒவ்வொரு கார்டுக்கும் அவர் எத்தனை நேரம் கழித்து வந்து சேர்கிறார் என்று அளந்தாள். சராசரி 0.7 விநாடி. ஏறக்குறைய ஒரு தட்டு. தாமதம் தெரிந்துவிட்டால் சரிசெய்வது எளிது. அவர் வாசித்ததை மட்டும் 0.7 விநாடி முன்னால் நகர்த்தி, கார்டுகளோடு சேர்த்துப் போட்டுக் காட்டினாள்.

அற்புதமாக இருந்தது. உத்திராபதிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க அதையே கேட்டார். பால்காரருக்குப் போட்டுக் காட்டினார். கொளஞ்சியம்மாளின் காதில் ஒயரைச் செருகிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலை பல் விளக்கும்போது அவருக்கு ஏதோ இடித்தது. வாயில் நுரையோடு வந்து மகளிடம் என்ன செய்தாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார்.

"மீட்டர்ல கை வச்சுட்டியேம்மா."

எத்தனையோ வீட்டில் மீட்டரில் கை வைத்தவர்களைப் பிடித்தவர். வெற்றிச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவள் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டாள். நாலு கார்டும் நாலு கம்பம். எல்லாச் சுரங்களையும் விட்டுவிட்டு ஒரே ஒரு சுரத்தைப் பின்தொடர்ந்தாள். ஏ மைனரில் ஈ. டி மைனர் வரும்போது அதற்கு அடுத்த கட்டம், எஃப். ஜீயிலும் அந்த எஃப்பிலேயே நிற்கலாம். சீ வரும்போது ஒரு கட்டம் இறங்கி மறுபடி ஈ. ஏ மைனருக்கும் அதே ஈ. நாலு கம்பத்தையும் கடக்க அந்தக் கம்பி ஒரு கட்டம் ஏறி ஒரு கட்டம் இறங்கியது, அவ்வளவுதான்.

அவர் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கம்பி தொய்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தார். கம்பந்தான் மாறுகிறது, கம்பி ஒன்றுதானே என்றார். அதைத் தெரிந்துகொண்டதில் தாமதம் 0.4 விநாடிக்கு இறங்கியது. மே மாதம் இருபதாம் தேதி தாண்டிவிட்டது.

மீதி 0.4 விநாடியை எடுத்தது கொளஞ்சியம்மாள். அவளுக்குக் கிட்டாரில் எது தலை, எது கால் என்று தெரியாது. ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை. உத்திராபதி விடுப்பில் இருந்தார். ஆம்ப்ளிஃபயர் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் கார்டு பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். கத்தி பலகையில் விழும் சத்தம் தட்டு. நாலு வெட்டுக்கு ஒரு பெயர். "ஏ மைனரு" என்றாள். நறுக்கினாள். "டி மைனரு." நறுக்கினாள். அடுப்பில் சாம்பார் பொங்குகிறதா என்று ஒரு கண். இதைச் சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒவ்வொரு பெயரையும் மூன்றாவது வெட்டிலேயே சொல்லிவிட்டாள்.

மூன்றாவது சுற்றில் உத்திராபதி வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கார்டு மாறிய இடத்தில் அவர் ஏற்கெனவே போய் நின்றிருந்தார். முப்பது வருடமாக அவர் சோற்றுக்கு உட்காரும் முன்பே கை கழுவியாச்சா என்று கேட்கிற அதே அவசரம், ஒரு தட்டு முன்னதாக அவருக்கு லைன் கிளியர் கொடுத்துவிட்டது.

அன்று அந்த வீட்டில் ஒன்றரைக் கிலோ பீன்ஸ் நறுக்கப்பட்டது. பீன்ஸ் தீர்ந்து வெண்டைக்காய், வெண்டைக்காய் தீர்ந்து கத்தரிக்காய். சாயங்காலம் ஆலையிலிருந்து வந்த வெற்றிச்செல்வி மூன்று பாத்திரம் நிறைய நறுக்கிய காயையும், தொண்டை கட்டிய அம்மாவையும், கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த அப்பாவையும் பார்த்தாள். அடுத்த இரண்டு நாளும் மூன்று வேளையும் பொரியல்தான்.

விழாவுக்கு ஏற்பாடு இப்படி: கொளஞ்சியம்மாள் முதல் வரிசையில் நடுவில் உட்கார்ந்து உதட்டசைவில் பெயர் சொல்வாள். உத்திராபதி அதைப் பார்த்து வாசிப்பார். இதுவும் பெர்மிஷன்தானே என்று மகள் கேட்டபோது, இது வீட்டு இலாகா என்று சமாளித்தார். ஆனால் அது அவரை உறுத்தியது என்று அவளுக்குத் தெரிந்தது.

மே முப்பத்தொன்று, கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. பாட்டு தொடங்கியது. ஜெயப்பிரகாஷ் என்கிற பாடகர் பாதியில் மைக்கைத் தாழ்த்தி, உத்திராபதியின் பக்கம் கை காட்டினார். கவியா அடியில் கார்டுகளைப் பிடித்தாள். முதல் சுற்று சரியாக வந்தது. அவர் கண் மனைவியின் உதட்டிலேயே இருந்தது.

இரண்டாம் சுற்றில் அரும்பாவூர்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பஸ் தாமதம். பொன்னாடை போடும் நேரம் முடிந்துவிட்டதோ என்ற பதைப்பில் உள்ளே வந்தவர்கள், விழா நாயகர் மேடையில் நிற்பதைக் கண்டதும் நேராக ஏறிவிட்டார்கள். அவர் வாசித்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு ஒரு தடையாகப் படவில்லை. ஒருவர் தோளில் போர்த்தினார். ஒருவர் ஏறினால் வரிசை தானாக நீளும். ஏற்கெனவே போட்டவர்கள்கூட எழுந்து வந்தார்கள். போட்டோக்காரர் முன்னால் வந்து நின்றார். கொளஞ்சியம்மாள் அவருடைய இடுப்புக்குப் பின்னால் மறைந்துபோனாள். இரண்டாவது பொன்னாடை நழுவி இடது கையையும் கிட்டாரின் கழுத்தையும் மூடியது. விரலைப் பார்க்கக் குனிந்தார். மூன்றாவதைத் தலையிலேயே போட்டார்கள்.

வெற்றிச்செல்வி போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஜரிகைத் துணிக் குவியலுக்குள் அவர் அசைவற்று நின்றதைப் பார்த்தாள். மூன்றாம் சுற்றின் முதல் கார்டு வெறுமையாகப் போயிற்று. நின்றுவிடுவார் என்று நினைத்தாள். டி மைனர் வருவதற்கு ஒரு தட்டு முன்னால், துணிக்குள்ளிருந்து ஈயிலிருந்து எஃப்புக்கு ஒரு சுரம் ஏறியது. கார்டு வந்தபோது அது அங்கே நின்றுகொண்டிருந்தது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேலே போனார், கீழே வந்தார், யாரும் கேட்காத ஒன்றை வாசித்தார், அதையே திருப்பிப் போட்டார். மேலே ஒவ்வொரு பொன்னாடையாக விழுந்துகொண்டே இருந்தது. கவியா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள், ஆனால் கார்டை விடவில்லை. நான்கு சுற்று முடிந்தது. ஜெயப்பிரகாஷ் மைக்கைத் தூக்கி வாயைத் திறந்தார். ஐந்தாம் சுற்று ஓடியது. வாயை மூடிக்கொண்டார். ஆறில் மறுபடி திறந்தார். ராசாங்கம் ஒரு கையால் வாசித்து மறு கையால் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். பார்க்க வேண்டியவர் துணிக்குள் இருந்தார். பதினோராம் சுற்றில் கொளஞ்சியம்மாள் மேடையேறி, தலையிலிருந்த பொன்னாடையை உருவினாள். ஊர் மொத்தமும் எழுந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தார். இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

கச்சேரி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் ராசாங்கம் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நாலு சுற்றுக்குத்தானே எல்.சி. குடுத்தேன்?"

"எடுக்கவே இல்லியே தம்பி," என்றார் உத்திராபதி. "எடுக்காமதான் கை வச்சேன்."

அதைச் சொன்னபோது அவர் எப்படி இருந்தார் என்றால், இலையில் விழுந்த பாயசத்தை வழியவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் சுபாவம் திரும்பிவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் எல்.சி. எடுத்திருக்கேன், ஜூன் பதினைஞ்சு ஞாயித்துக்கெழம நானே கொண்டாந்து ரிட்டர்ன் பண்ணிடறேன் என்றார். ஜெயப்பிரகாஷிடமும் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ரெண்டு தடவை வாயைத் திறக்க வச்சுட்டேன் என்று சேர்த்துக்கொண்டார்.

வெற்றிச்செல்வி அந்தப் பதிவைப் பின்னால் அளந்து பார்த்தாள். மூன்றாம் சுற்று முதல் பதினோராம் சுற்று வரை சராசரித் தாமதம் 0.0 விநாடி. எதையும் நகர்த்தவில்லை.

ஜூன் பதினான்காம் தேதி பற்று வைத்து முடித்ததும் அவர் ஆம்ப்ளிஃபயரைக் கோணியில் சுற்றி ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்துக் கட்டினார். வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்பதால் முதல் நாளே கட்டியது. கம்பத்தில் ஏறுகிறவர் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

மறுநாள் துக்கத்துக்குக் குழு முழுதும் வந்தது. ராசாங்கம் வாசலில் நின்ற ஸ்கூட்டரையும் கோணியையும் பார்த்தார், தொடவில்லை. காரியம் முடிந்த பிறகு வெற்றிச்செல்வி போன் போட்டு, தானே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னாள். ராசாங்கம் வேண்டாம் என்றார்.

"நீ குடுத்து நான் வாங்கக் கூடாதும்மா. எடுத்தவருதான் ரிட்டர்ன் பண்ணணும்னு அவருதானே சொல்லுவாரு."

ஸ்கூட்டர் அங்கேயே நிற்கிறது. முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. மழை வந்தால் நனையும் என்று கொளஞ்சியம்மாள் கோணியின் மேல் ஒரு பொன்னாடையைப் போர்த்தி வைத்திருக்கிறாள். நோட்டின் கடைசி வரி அவர் கையெழுத்தில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர், ராசாங்கம், பெரம்பலூர். எல்.சி. எடுத்தது: மே 2, காலை 10.20. ரிட்டர்ன்: ஜூன் 15, காலை. மணியை எழுத இடம் விட்டிருக்கிறார்.